பலர் வந்து போகிறார்கள்

2019 ஜூன் மாதம் சேலையூரில், எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாடகைக்கு இருந்த ஓர் இளைஞனையும் ஒரு பெண்ணையும் போலீஸை வைத்துக் காலி செய்ய வைத்தேன். அவர்கள் கல்யாணம் ஆகாதவர்கள். வயது வந்த இருவர் கல்யாணம் செய்துகொள்ளாமல் ஒரே வீட்டில் இருப்பது சட்டப்படி குற்றமில்லை என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துதான் செய்தேன். அதற்காக ஒரு பொய்யும் எழுதினேன். இன்றுவரை யாரும் இதை என்னிடம் கேட்டதில்லை. எங்கள் பிளாட்டில் சிலர் நான் செய்தது சரி என்றே இப்போதும் சொல்கிறார்கள். அதனால்தான் நானே எழுத வேண்டியிருக்கிறது.

நான் அப்போது அசோசியேஷன் செக்ரட்டரி. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், வரவு செலவு ஒழுங்காக இருக்கும் என்று என் தலையில் கட்டினார்கள். அந்தக் கோடையை இந்தப் பக்கத்தில் இருந்த யாரும் மறந்திருக்க முடியாது. ஏரிகள் வறண்டு, கேம்ப் ரோட்டில் இருந்து ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மேடவாக்கம் வரை போர் தண்ணீர் கீழே போய்விட்டது. பழைய மகாபலிபுரம் சாலைக் கம்பெனிகள் சில, ஆட்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னது அந்த ஜூனில்தான். நாங்கள் தனியார் லாரிக்குப் பணம் கட்டிவிட்டு நாள்கணக்கில் காத்திருப்போம். லாரி பெரும்பாலும் நள்ளிரவு தாண்டித்தான் வரும். செக்ரட்டரிதான் இறங்கிப் போக வேண்டும். சம்ப் மூடியை நெம்பி எடுத்து, ஹோஸ் பைப்பை உள்ளே விட்டு, டார்ச் அடித்துக்கொண்டு கடைசித் தண்ணீர் விழுகிறவரை நிற்க வேண்டும். அசந்தால் டேங்கில் பாதியை வைத்துக்கொண்டே டிரைவர் வண்டியைக் கிளப்பிவிடுவான்.

அப்படி ஒரு ராத்திரி அந்தப் பையன் லுங்கியோடு இறங்கி வந்தான். "அங்கிள், நீங்க போய்ப் படுங்க. நான் பாத்துக்கறேன்" என்று என் கையிலிருந்த டார்ச்சை வாங்கிக்கொண்டான். மறுநாள் காலையில் சம்ப் விளிம்புவரை தண்ணீர் இருந்தது. அதற்குப் பிறகு லாரி வந்த இரவுகளில் அவன்தான் நின்றான்.

வீட்டு ஓனர் மஸ்கட்டில் இருந்தார். புரோக்கர் கொண்டுவந்து வைத்தவர்கள். "ஃபேமிலி சார், புதுசா கல்யாணம் ஆனவங்க" என்று புரோக்கர் சொன்னார். எங்கள் விதிப்புத்தகத்தில் 'குடும்பத்தினருக்கு மட்டும்' என்று ஒரு வரி உண்டு. இந்தப் பக்கத்தில் அந்த வரி இல்லாத பிளாட்டைக் காண்பது அரிது. பையன் மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத்தில் ஏதோ ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்த்தான். அவள் தினமும் கேம்ப் ரோட்டில் கம்பெனி வேன் ஏறிப் போவாள். அவள் கழுத்தில் ஒன்றும் இல்லை என்பதை முதலில் கவனித்தது பக்கத்து வீட்டு அம்மாள். ஆனால் அந்தச் செய்தியை மாடி மாடியாகச் சுமந்தவன் நான்.

இனிமேல் சொல்வது சொல்லக் கூசும் விஷயம். எங்கள் படுக்கையறை ஜன்னலும் அவர்கள் ஜன்னலும், குழாய்கள் இறங்கும் அந்தக் குறுகிய இடைவெளியைப் பார்த்தவை. இரவில் அவர்கள் சிரிப்பது கேட்கும். என்ன பேசுகிறார்கள் என்று புரியாது, சிரிப்பு மட்டும் கேட்கும். அதன் பிறகு எதுவும் கேட்காது. நான் விளக்கை அணைத்துவிட்டு அந்த ஜன்னலோரம் நின்றிருக்கிறேன், ஒருமுறை இருமுறை அல்ல. என் மனைவியும் நானும் அப்போது மாத்திரை, பால் கணக்கு, மகன் போன் செய்தானா என்பதைத் தாண்டி எதுவும் பேசிக்கொள்ளாதவர்களாக ஆகிவிட்டிருந்தோம். அந்தப் பெண்ணை நான் ஆசையோடு நினைத்தேன். அவன் இருக்கும் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தேன். விடிந்ததும் குளித்து, திருநீறு பூசிக்கொண்டு, மாடிப்படியில் நின்று அவளைப் பற்றி 'வளர்ப்பு சரியில்லை' என்று பேசினேன். எனக்குள் இருந்தது ஒழுக்கத்தின் மேல் அக்கறை அல்ல. பொறாமை. அதில் ஆசையும் கலந்திருந்தது. இரண்டுக்கும் ஒழுக்கம் என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

அந்த நினைப்புக்காக என்மேல் யாரும் வழக்குப் போட முடியாது. போடவும் கூடாது. மனதில் ஓடியது செயலாகாதவரை அது குற்றமாகாது என்பது சட்டத்தின் அடிப்படை. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னார்கள். அந்தத் தீர்ப்பைப் பேப்பரில் படித்தபோது ஆதார் கார்டு விவகாரம் என்று புரட்டிவிட்டேன். ஆனால் ஜன்னலோரம் நின்ற இரவுகளில் என்னைக் காப்பாற்றியது அதே உரிமைதான். என் மண்டைக்குள் என்ன ஓடுகிறது என்று எட்டிப் பார்க்க அரசாங்கத்துக்கு அதிகாரமில்லை. அவர்கள் கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று பார்க்கவும் அதிகாரமில்லை. இரண்டும் ஒரே உரிமை. எனக்கு வேண்டிய பங்கை எடுத்துக்கொண்டு அவர்களுடைய பங்கைப் பிடுங்கினேன்.

தண்ணீர் லாரிச் செலவைப் பிரிப்பதற்காகக் கூட்டிய கூட்டத்தில், 'இதர விஷயங்கள்' என்று போட்டு அவர்கள் பேச்சை எடுத்தது நான்தான். குழந்தைகள் இருக்கிற இடம், கெட்ட பெயர் வரும் என்றேன். அவர்கள் வீட்டில் தண்ணீர் அதிகம் செலவாகிறது என்றும் யாரோ சொன்னார்கள். லாரி வரும் இரவுகளில் சம்ப் பக்கம் நிற்பது யார் என்று எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

தெரிந்த சப் இன்ஸ்பெக்டர் ஒருவர் இருந்தார். போனில் சொன்னதும் அவர் தயங்கினார். "ரெண்டு பேரும் மேஜர்னா நாங்க என்ன சார் பண்றது? பல பேர் வந்து போறாங்க, சந்தேகமா இருக்குன்னு எழுதிக் குடுங்க. வந்து விசாரிக்கறோம்." எழுதிக் கொடுத்தேன். 'மேற்படி வீட்டுக்கு இரவு நேரங்களில் பலர் வந்து போகிறார்கள்.' வந்து போனது அவளுடைய தம்பி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையனோடு வேலை பார்க்கும் இரண்டு பேர் பிரியாணிப் பொட்டலத்தோடு வந்தார்கள். அவ்வளவுதான். அசோசியேஷன் லெட்டர்ஹெட்டில், சீல் வைத்து, என் கையெழுத்தோடு ஒரு பெண்ணை விபசாரி என்று மறைமுகமாக எழுதிக் கொடுத்தேன்.

அந்தப் புகாருக்குப் பின்னால் நின்றது 1956ஆம் ஆண்டு ஒழுக்கக்கேடான வணிகத் தடுப்புச் சட்டம். அந்தச் சட்டம்கூட முக்கியமாக விபசாரம் நடத்துகிறவரையும், அந்தக் காசில் வாழ்கிறவரையும், பொது இடத்தில் அழைப்பதையும்தான் தண்டிக்கிறது. ஒரு பெண் தன் வீட்டில் தனக்குப் பிடித்தவனோடு இருப்பதைத் தொடுவதில்லை. ஆனால் அந்தச் சட்டத்தின் பெயரைச் சொன்னாலே போதும், கதவைத் தட்ட வழி பிறந்துவிடுகிறது.

ஸ்டேஷனில் நானும் உட்கார்ந்திருந்தேன். முதல் கேள்வியே, "ரெண்டு பேரும் என்ன ஆளுங்க?" அவர்கள் சொன்னார்கள். வேறு வேறு சாதி. சப் இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். அப்புறம் அவள் போனை வாங்கி அவளுடைய அப்பாவுக்குப் பேசினார். தென் மாவட்டத்தில் இருந்து ராத்திரி பஸ் பிடித்து, மறுநாள் காலையில் அந்த மனிதர் தாம்பரத்தில் வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, காலில் ரப்பர் செருப்பு. ஸ்டேஷன் பெஞ்சில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். மகளைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைப் பார்த்துக் கும்பிட்டு, "ஐயா, பெரிய உபகாரம்" என்றார்.

அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டேன். அந்தப் போன் அழைப்பு எங்கே போய் முடிந்திருக்கலாம் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், பேருந்து நிலையம் அருகே சங்கரை வெட்டிக் கொன்றார்கள். அவர் மனைவி கௌசல்யாவையும் வெட்டினார்கள். வேறு வேறு சாதியைச் சேர்ந்த அவர்கள் முறைப்படி கல்யாணம் செய்துகொண்டவர்கள். தாலி இருந்தும் சாதி அவர்களை விடவில்லை. 2016இல் டிவியில் அந்தக் காட்சியைப் பார்த்து உச்சுக்கொட்டிய நான், அதே மாதிரி ஒரு பெண் இருக்கும் இடத்தை அவள் ஊருக்குக் காட்டிக் கொடுத்திருக்கிறேன். அந்த அப்பா துண்டால் முகத்தை மூடினாரே தவிர, கையில் எதையும் எடுக்கவில்லை. அது அவருடைய நல்ல குணம். அதில் என் பங்கு ஒன்றுமில்லை.

சப் இன்ஸ்பெக்டர் என்னை வெளியே அழைத்துப் போய் மெதுவாகச் சொன்னார்: "கேஸ் நிக்காது சார். ஆனா காலி பண்ண வச்சிடலாம்." சட்டத்தால் முடியாததை என்னைப் போன்றவர்கள் முடித்துவைப்பது இப்படித்தான். நீதிமன்றம் வரை போனால் நாங்கள் தோற்போம். அதனால் நீதிமன்றம் வரை போக விடுவதில்லை.

இரண்டு நாளில் 'குட்டி யானை' வண்டி வந்தது. ஒரு பீரோ, ஒரு கட்டில், துணி மூட்டைகள், நான்கைந்து செடித் தொட்டிகள். அவள் என் வீட்டுக் கதவைத் தட்டி, அந்த மாதத்து மெயின்டனன்ஸையும் லாரிச் செலவில் அவர்கள் பங்கையும் எண்ணிக் கொடுத்தாள். ரசீது கேட்டாள். எழுதிக் கொடுத்தேன். என் மனைவி உள்ளே இருந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு முழுவதும் என் மனைவி என்னோடு பேசவில்லை. ராத்திரி சாப்பாடு வைக்கும்போது, "அவங்க சிரிச்சா உங்களுக்கு எங்க வலிச்சுது?" என்று மட்டும் கேட்டாள்.

இது ஏதோ ஒரு தடவை நடந்த தவறு என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. 2005 செப்டம்பரில் நடிகை குஷ்பு 'இந்தியா டுடே' இதழில், கல்யாணத்துக்கு முன்பு உறவு வைத்துக்கொள்ளும் பெண்கள் கர்ப்பத்தில் இருந்தும் நோயில் இருந்தும் தங்களைப் பாதுகாத்துக்கொள்ள வேண்டும், படித்த ஆண் தன் மனைவி கன்னியாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது என்கிற பொருளில் ஒரு கருத்துச் சொன்னார். துடைப்பத்தையும் செருப்பையும் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். எங்கள் அலுவலகத்திலும் ஒரு கண்டனக் கடிதம் சுற்றுக்கு வந்தது. பேட்டியைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். அவர்மேல் 23 வழக்குகள் போட்டார்கள். ஒன்று இந்தூரில், மற்றவை எல்லாம் தமிழ்நாட்டில். மேட்டூர் நீதிமன்றத்தில் சரணடைய வந்தவர் மேல் முட்டையும் தக்காளியும் வீசினார்கள். 2008இல் உயர் நீதிமன்றம் வழக்குகளை ரத்து செய்ய மறுத்தது. 2010 ஏப்ரல் 28 அன்றுதான் உச்ச நீதிமன்றம் எல்லாவற்றையும் ரத்து செய்தது. சமூக ஒழுக்கம் பற்றிய கருத்து ஆளுக்கு ஆள் மாறும், அதைக் காரணமாக வைத்துத் தனிமனிதரின் சொந்த வாழ்க்கைக்குள் குற்றவியல் சட்டத்தை நுழைக்க முடியாது என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. கல்யாணம் ஆகாத இருவர் மனமொத்துச் சேர்ந்து வாழ்வது குற்றமில்லை என்பதும் அதில் இருக்கிறது. ஒரு பெண் தன் கருத்தைச் சொன்னதற்காகக் கோர்ட் கோர்ட்டாக அலைந்தது சுமார் ஐந்து வருஷம். நான் போட்ட கையெழுத்துக்கு எனக்கு ஒரு நாள்கூடச் செலவாகவில்லை.

2018 செப்டம்பரில் இரண்டு தீர்ப்புகள் வந்தன. 6ஆம் தேதி, மனமொத்த ஒருபால் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவின் அந்தப் பகுதி போனது. 27ஆம் தேதி, பிறன்மனை உறவைக் குற்றமாக்கிய 497ஆம் பிரிவு போனது. ஏதோ நம் பண்பாட்டின் வேரை வெட்டிவிட்டதுபோல் அலுவலக நண்பர்களும் நானும் பேசிக்கொண்டோம். அந்த 497 எப்படிப்பட்டது என்று பிறகுதான் படித்தேன். கணவனின் சம்மதம் இருந்தால் குற்றமில்லை. கணவன் வேறு பெண்ணிடம் போனால் மனைவி வழக்குப் போட முடியாது. மனைவி கணவனின் சொத்து என்பதைத் தவிர அதில் ஒழுக்கம் என்று ஒன்றும் இல்லை. மெக்காலே 1837இல் எழுதிய முதல் வரைவில் அந்தப் பிரிவே கிடையாது, பின்னால் வந்தவர்கள் சேர்த்தது. 377ஓ விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் இருந்து வந்தது. இங்கிலாந்தே 1967இல், வயது வந்த ஆண்கள் மனமொத்துத் தனியறையில் செய்வது சட்டத்தின் வேலையல்ல என்று விட்டுவிட்டது. நாங்கள் நம் பண்பாடு என்று அழுதது அவர்கள் போட்ட பழைய சட்டைக்காக.

அவர்களை நான் துரத்திய அதே 2019இல், கோயம்புத்தூரில் ஒரு தங்கும் விடுதியை, கல்யாணம் ஆகாத ஆணும் பெண்ணும் அறையில் இருந்தார்கள் என்பதையும் ஒரு காரணமாகச் சொல்லி அதிகாரிகள் சீல் வைத்தார்கள். டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி எம்.எஸ். ரமேஷ், கல்யாணம் ஆகாத இருவர் ஓர் அறையில் தங்கக் கூடாது என்று எந்தச் சட்டம் சொல்கிறது என்று கேட்டு, சீலை எடுக்கச் சொன்னார். அந்தச் செய்தியை நான் பேப்பரில் படித்துவிட்டு, மடித்து, பழைய பேப்பர்க் கட்டுக்கு அடியில் வைத்தேன். என் மனைவி கண்ணில் பட வேண்டாம் என்று.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. அதே பிளாட்டில் வேறொரு வீட்டில், ஊரறியக் கல்யாணம் செய்துகொண்ட ஒருவர் தன் மனைவியை அடிப்பார். அவள் அழுவது மாடிப்படியில் கேட்கும். வாயில் துணியை வைத்து அடக்கிக்கொண்டு அழுகிற அழுகை. செக்ரட்டரி என்கிற முறையில் என்னிடம் ஒரு தரம் பேச வந்தாள். "குடும்ப விஷயம்மா, நாங்க எப்படித் தலையிட முடியும்?" என்று சொல்லி அனுப்பினேன். 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, இப்படி நடப்பது தெரிந்த யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம் என்கிறது. நல்லெண்ணத்தில் தகவல் தந்தவர்மேல் எந்தப் பொறுப்பும் வராது என்றும் சொல்கிறது. சட்டம் என்னைக் கூப்பிட்ட இடம் அது. அங்கே நான் போகவில்லை. சிரிப்புச் சத்தத்துக்குப் போலீஸைக் கூப்பிட்டேன், அழுகைச் சத்தத்துக்குக் காதை மூடிக்கொண்டேன். அந்தப் பெண் பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். பொதுக்குழுவில் முன்வரிசையில் உட்காருகிறார்.

சட்டமும் இந்த இடத்தில் என்னைப் போலத்தான் நடந்துகொள்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. 18 வயது நிரம்பிய மனைவியை அவள் விருப்பமில்லாமல் கணவன் சேர்ந்தால் அது பாலியல் வன்புணர்வு ஆகாது. வெள்ளைக்காரன் சட்டத்தை மாற்றிவிட்டோம் என்று பெருமை பேசிய புதிய சட்டத்திலும் அதை அப்படியே வைத்துக்கொண்டார்கள். அந்தரங்கத்துக்குள் சட்டம் நுழையவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சம்மதம் இல்லாத இடத்துக்கு, குழந்தையைத் தொடுகிற இடத்துக்கு, அடி விழுகிற இடத்துக்குக் கதவை உடைத்துக்கொண்டும் போக வேண்டும். நாம் தலைகீழாக நிற்கிறோம்.

இப்படித் தலைகீழாக நின்றதன் விலையை நான் நேரிலும் பார்த்திருக்கிறேன். தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தைத் தினமும் கடந்து வேலைக்குப் போனவன் நான். அங்கே டாக்டர் சௌரி முத்து 1928இல் காசநோய்க்காகத் தொடங்கிய ஆஸ்பத்திரி, தொண்ணூறுகளில் எய்ட்ஸ் நோயாளிகளின் கடைசிப் புகலிடமாக ஆனது. 2004 ஏப்ரலில் அரசு இலவச மருந்து கொடுக்கத் தொடங்கிய முதல் எட்டு ஆஸ்பத்திரிகளில் அதுவும் ஒன்று. 1986இல் இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி முதலில் தெரியவந்தது சென்னையில்தான். டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் எடுத்த ரத்த மாதிரிகளில், பாலியல் தொழில் செய்ததாகப் பிடித்து மயிலாப்பூர் விஜிலன்ஸ் ஹோமில் வைத்திருந்த பெண்கள் ஆறு பேருக்கு அது இருந்தது. அதன் பிறகு, கிருமி இருக்கிறது என்று தெரிந்த பெண்களை, தண்டனைக் காலம் முடிந்தும் வெளியே விடாமல் வைத்திருந்தார்கள். ஷியாமளா நடராஜ் என்ற பத்திரிகையாளர் உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகுதான் கதவு திறந்தது. அந்தப் பெண்களைப் பூட்டி வைத்தால் ஊர் சுத்தமாகிவிடும் என்று நினைத்தார்கள். கிருமி அதற்குள் ஆண்களோடு வீட்டுக்குப் போய்விட்டிருந்தது.

சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கிய பெண்களை நான் பார்த்திருக்கிறேன். கையில் ஆஸ்பத்திரி நோட்டும் மஞ்சள் பையும், இடுப்பில் குழந்தை. பலர் கழுத்தில் மஞ்சள் கயிறு இருந்தது. சிலர் கழுத்திலிருந்து அதை அப்போதுதான் எடுத்திருந்தார்கள். கணவனைத் தவிர வேறு யாரையும் அறியாதவர்கள். அவர்கள் பக்கத்தில் உட்காராமல் பெட்டியின் அந்தக் கோடிக்குப் போய் நின்றவர்களில் நானும் ஒருவன்.

இப்போது இதையெல்லாம் எழுதத் தூண்டிய இரண்டு விஷயங்களைச் சொல்கிறேன். ஒன்று, 2021இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் செய்தது. மதுரையில் இருந்து இரண்டு பெண்கள், சேர்ந்து வாழ விரும்பிச் சென்னைக்கு வந்தார்கள். பெற்றோர் காணவில்லை என்று புகார் கொடுக்க, போலீஸ் தேடியது. பாதுகாப்புக் கேட்டு அவர்கள் நீதிமன்றம் போனார்கள். அந்த நீதிபதி, இந்த விஷயத்தில் தன் மனதிலேயே முன்முடிவுகள் இருக்கின்றன, தனக்கே முழுதாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, ஓர் உளவியல் நிபுணரிடம் போய் உட்கார்ந்து பாடம் கேட்டார். கேட்டுவிட்டு வந்து, ஜூன் 7 அன்று, அவர்களைப் போலீஸ் தொந்தரவு செய்யக் கூடாது என்றும், பாலின விருப்பத்தை 'மாற்றும்' சிகிச்சைக்குத் தடை என்றும் உத்தரவு போட்டார். நீதிபதி நாற்காலியில் இருக்கிறவர் தன் அறியாமையை ஆவணத்தில் எழுதுகிறார். அசோசியேஷன் செக்ரட்டரி நாற்காலியில் இருந்த எனக்கு அது முடியவில்லை.

இன்னொன்று உத்தராகண்ட். 2025 ஜனவரி 27 முதல் அங்கே பொது சிவில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கல்யாணம் இல்லாமல் சேர்ந்து வாழ்கிறவர்கள் அதைப் பதிவு செய்ய வேண்டும். ஒரு மாதத்துக்குள் பதியாவிட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தகவல் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகும். 21 வயதுக்குக் குறைந்தவர் என்றால் பெற்றோருக்கும் போகும். படித்தபோது வயிற்றைப் பிசைந்தது. லெட்டர்ஹெட்டில் பொய் எழுதி நான் திருட்டுத்தனமாகச் செய்ததை, ஒரு மாநிலம் சட்டமாகவே எழுதியிருக்கிறது. அங்கே இனி பொய்யுரைக்கக்கூட வேண்டாம். படிவத்தை நீட்டினால் போதும், சாதியைக் கேட்கவும் அப்பாவுக்குப் போன் செய்யவும் வழி திறந்துவிடும்.

ஒழுக்கம் வேண்டாமா என்று என்னைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டும். சொன்ன சொல் தவறாமல் இருப்பதும், நம்பியவரை ஏமாற்றாமல் இருப்பதும், விருப்பமில்லாதவரைத் தொடாமல் இருப்பதும் ஒழுக்கம். அந்தப் பையனும் பெண்ணும் அதில் எதையும் மீறவில்லை. பொய் எழுதியது நான், ஒட்டுக்கேட்டது நான், உதவிய கையைக் கடித்தது நான். ஊரில் ஒழுக்கமானவன் என்று பெயர் எடுத்திருந்ததும் நான். போலீஸ் பயத்தில் வருவது ஒழுக்கமல்ல, ஒளிந்துகொள்ளும் சாமர்த்தியம்.

செக்ரட்டரி பொறுப்பை விட்டுவிட்டேன். விதிப்புத்தகத்தில் 'குடும்பத்தினருக்கு மட்டும்' என்ற வரியை எடுக்க வேண்டும் என்று பொதுக்குழுவில் பேசினேன். தோற்றேன். மறுபடியும் பேசுவேன். அந்தப் புகார் பொய் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, அதே ஸ்டேஷனில் கொடுத்திருக்கிறேன். வாங்கிக்கொண்டவர் புதியவர். எதற்கு சார் இது என்று கேட்டார்.

தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர், மேடவாக்கம், பெருங்களத்தூர் பக்கம் அசோசியேஷன் பொறுப்பில் இருக்கிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். வாடகைக்கு வருகிறவர்களிடம் வாடகை ஒப்பந்தமும் அடையாளச் சான்றும் கேளுங்கள், கழுத்தைப் பார்க்காதீர்கள். அவர்கள் அப்பா நம்பரைக் கேட்காதீர்கள். போலீஸுக்கு எழுதும் முன், எழுதுவதை நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். எந்த வீட்டிலாவது ஒரு பெண் அழுகிற சத்தம் கேட்டால், குடும்ப விஷயம் என்று கதவைச் சாத்தாமல் 181 என்ற பெண்கள் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். அந்த எண்ணில் 24 மணி நேரமும் எடுப்பார்கள்.